முகத்தின் பாகங்களை ஆங்கிலத்தில் சொல்வது: சுங்கை சிப்புட் மாலை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் டவுன் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வரும் அம்மாக்கள், ஃபேக்டரிக்குப் போகிறவர்கள், ஐந்தாம் படிவ முடிவில் எஸ்பிஎம் தேர்வு எழுதப் போகிறவர்கள் எல்லாரும் கலந்துதான் உட்காருவார்கள். முகத்தின் பாகங்கள் என்ற பாடம் வந்தால் வயது வித்தியாசமில்லாமல் எல்லாருக்கும் அதே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எடுத்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன, வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதற்காக. பக்கத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது.

டீச்சர், முகத்துக்கு எத்தனை வார்த்தை தெரிஞ்சா போதும்?

முதலில் பன்னிரண்டு போதும்: ஃபேஸ், ஃபோர்ஹெட், ஐ, ஐப்ரோ, நோஸ், சீக், மௌத், லிப், டூத், டங், சின், இயர். அதாவது முகம், நெற்றி, கண், புருவம், மூக்கு, கன்னம், வாய், உதடு, பல், நாக்கு, மோவாய், காது. இவை தடுமாறாமல் வந்த பிறகு அடுத்த சுற்று: ஐலிட், ஐலாஷ், நாஸ்ட்ரில், ஜா, டெம்பிள், கம், இயர்லோப். இமை, இமைமுடி, மூக்குத் துவாரம், தாடை, நெற்றிப்பொட்டு, ஈறு, காதுச் சோணை.

நோட்டில் தமிழ் ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம் என்று கோடு போட்டு எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். கண்ணாடி முன் நின்று, நெற்றியில் தொடங்கி மோவாய் வரை விரலால் தொட்டுக்கொண்டே ஆங்கிலச் சொல்லை மட்டும் சொல்லுங்கள். தமிழும் மலாயும் ஆங்கிலமும் முகத்தை ஒரே இடத்தில் பிரித்துப் பெயர் வைக்கவில்லை. சொல்லுக்குச் சொல் போட்டால் தாடைக்கு வரும்போது கட்டாயம் சிக்கிக்கொள்வீர்கள். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஸ்பெல்லிங்கும் அதே நாள்ல படிக்கணுமா?

வேண்டாம். முதலில் வாய், அப்புறம் கை. குறிப்பாக ‘டங்’ என்ற சொல்லை எழுத்தைப் பார்த்துப் படித்த பிள்ளைகள் ‘டாங்கூ’ என்று சொல்லிப் பழகிவிடுகிறார்கள். அதன் கடைசி இரண்டு எழுத்தும் வாயில் வரவே வராது. காதில் சரியான ஒலி ஏறிய பிறகு எழுத்தைப் பார்த்தால் எழுத்து ஏமாற்றாது.

நெத்திக்கு ஃபோர்ஹெட்னு நீங்க சொல்றீங்க. எங்க தாத்தா ஃபாரிட்னு சொல்றாரு. யார் சரி?

இருவரும் சரி. ‘ஃபாரிட்’ என்பது பழைய பிரிட்டிஷ் உச்சரிப்பு. அந்தக் காலத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள், தோட்டத்தில் வெள்ளைக்கார மேனேஜர்களோடு பேசிப் பழகியவர்கள் வாயில் அது இன்னும் இருக்கிறது. இப்போது பிரிட்டனிலும் ‘ஃபோர்ஹெட்’தான் அதிகம் கேட்கிறது. சொல்லைப் பிரித்தால் ‘ஃபோர்’ என்றால் முன், ‘ஹெட்’ என்றால் தலை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் எழுத்தும் மறக்காது.

தாத்தாவைத் திருத்த வேண்டாம். அவர் சொல்வதைக் கேட்டால் புரிய வேண்டும், நாம் சொல்லும்போது இன்றைய வழக்கில் சொன்னால் போதும்.

புருவம், இமை, இமைமுடி மூணுமே ‘ஐ’னு ஆரம்பிக்குது. எப்பப் பார்த்தாலும் மாறிப் போகுது.

‘ஐ’யை மறந்துவிட்டு வால் பகுதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ப்ரோ, லிட், லாஷ். ‘லிட்’ என்பது மூடி. சட்டிக்குப் போடும் மூடிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். கண்ணை மூடுவது ஐலிட். அதன் ஓரத்தில் முளைத்திருக்கும் முடி ஐலாஷ். மேலே வில் போல இருப்பது ஐப்ரோ. கண்ணை மூடித் திறந்து, அசைகிற தோலைத் தொட்டு ‘லிட்’ என்று நாலைந்து முறை சொன்னால் குழப்பம் போய்விடும்.

மலாயில் கெலோப்பாக் மாத்தா, பூலு மாத்தா, கெனிங் என்று மூன்றும் தனித்தனியாக ஒலிப்பதால் பிள்ளைகளுக்கு அங்கே சிக்கல் வருவதில்லை. ஆனால் வீட்டில் இந்தோனேசிய நாடகம் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும். நம் ஊர் மலாயில் ‘கெனிங்’ என்றால் புருவம், இந்தோனேசியாவில் அதே சொல் நெற்றி. ‘கெனிங்’ என்றால் ஃபோர்ஹெட் என்று அடித்துச் சொல்கிற பிள்ளை பெரும்பாலும் அங்கிருந்துதான் எடுத்திருக்கும்.

தாடைக்கு ‘சின்’னா, ‘ஜா’வா? ஒரு புக்குல ஒண்ணு, இன்னொரு புக்குல வேற ஒண்ணு போட்டிருக்கு.

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் மேல் தப்பே இல்லை. நாம் பேச்சில் ‘தாடை’யை மூன்று இடத்துக்குப் பயன்படுத்துகிறோம். ‘தாடையில ஒண்ணு விட்டான்’ என்றால் அடி விழுந்தது கன்னத்தில். ‘தாடையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா’ என்றால் கை இருப்பது மோவாயில். ‘தாடை எலும்பு நகர்ந்துடுச்சு’ என்றால் அது உண்மையான தாடை. ஆங்கிலத்தில் இந்த மூன்றும் வேறு வேறு: முதலாவது சீக், இரண்டாவது சின், மூன்றாவது ஜா.

கையை வைத்துப் பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் காதுக்குக் கீழே வைத்து ‘ஆ’ என்று வாயைத் திறங்கள். கையின் கீழ் அசைகிறதே, அந்த எலும்பு முழுவதும் லோயர் ஜா. முக எலும்புகளில் அசைவது அது ஒன்றுதான். மேல்பற்கள் பதிந்திருப்பது அப்பர் ஜா, அது அசையாது. கீழ்த்தாடையின் முன்னால், கீழுதட்டுக்கு அடியில் துருத்திக்கொண்டிருக்கும் நுனி மட்டும் சின். தாடைக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும் சதை சீக், அந்தச் சதைக்கு மேலே கண்ணுக்கடியில் கையில் தட்டுப்படுகிற எலும்பு சீக்போன்.

மலாய் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. டாகு என்றால் சின், ராஹாங் என்றால் ஜா, பிப்பி என்றால் சீக். மலாயும் ஆங்கிலமும் இந்த இடத்தில் ஒத்துப்போகின்றன. அதனால் தாடைக்கு மட்டும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகாமல் மலாயிலிருந்து போகச் சொல்கிறேன். நம் தமிழில் மோவாய், முகவாய்க்கட்டை என்று அழகான சொற்கள் இருக்கின்றன. வீட்டில் அவற்றைப் புழங்கினால் பிள்ளைக்கு ஆங்கிலமும் தெளியும், தமிழும் போகாது.

என் மகன் ‘சீக்’கை ‘சிக்’னு சொல்றான். பெரிய தப்பா?

திருத்த வேண்டிய தப்புதான். நம் ஊரில் ‘சிக்’ என்றால் மலாயில் திருமணமாகாத பெண்ணைக் கூப்பிடும் சொல், ஆங்கிலத்தில் கோழிக்குஞ்சு. நெடில் போட வேண்டிய இடத்தில் குறில் போட்டால் கேட்பவருக்கு வேறு சொல்லாகப் போய்விடும். தமிழில் குறில் நெடில் நமக்குப் பிறந்ததிலிருந்தே வரும், ‘படம்’ என்பதையும் ‘பாடம்’ என்பதையும் யாரும் குழப்புவதில்லை. அந்தக் காதையே ஆங்கிலத்துக்கும் கொடுங்கள். சீக், டீத் இரண்டும் நெடில். லிப், சின், லிட் மூன்றும் குறில்.

இன்னும் இரண்டு ஒலிகளில் கவனம் வேண்டும். ‘ஃபேஸ்’ என்று சொல்லும்போது மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். உதடு இரண்டும் ஒட்டினால் ‘பேஸ்’ ஆகிவிடும், அது வேறு பொருள். ‘மௌத்’, ‘டீத்’ இரண்டிலும் கடைசியில் நாக்கு நுனியைப் பற்களுக்கிடையில் வைத்துக் காற்றை விட வேண்டும். நம்முடைய ‘த்’ அதற்குப் பக்கத்தில் வரும், ஆனால் நம் ‘த்’தில் காற்று அடைபட்டு நிற்கும், அங்கே கசிந்துகொண்டே போகும். ‘மௌட்’ என்று சொல்வதைவிட ‘மௌத்’ எவ்வளவோ மேல்.

அறிவியல் புத்தகத்துல வர்ற முகமும் இங்கிலீஷ் புத்தகத்துல வர்ற முகமும் ஒண்ணுதானா?

சொற்கள் ஒன்று, நோக்கம் வேறு. முதலாம் ஆண்டு அறிவியலில் ஐம்புலன்கள் வரும். அங்கே கண் என்பது பார்க்கும் உறுப்பு, மூக்கு முகரும் உறுப்பு. 2016இல் தொடங்கிய இரட்டை மொழித் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளில் இதை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். புலன்கள் ஐந்தில் தோலும் வரும், அதற்கு ஸ்கின். புருவமும் மோவாயும் அறிவியல் பாடத்தில் வராது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முகம் முழுமையாகும்.

பல் ஒண்ணுன்னா டூத், நிறையன்னா டீத். மத்ததுக்கெல்லாம் ‘ஸ்’ போட்டா போதுமா?

போதும். டூத், டீத் மட்டும்தான் முகத்தில் விதிவிலக்கு. ஃபுட், ஃபீட் போல உள்ளே இருக்கும் உயிரொலி மாறும். முடிக்கு ஹேர், அதற்கு ‘ஸ்’ வேண்டாம். ஓரிரு இழைகளை எண்ணிச் சொல்லும்போது மட்டும் ‘ஸ்’ வரும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் ‘கண் எரியுது’ என்றால் ஒரு கண்ணா, இரண்டு கண்ணா என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் அதை வாக்கியத்திலேயே சொல்லியாக வேண்டும். ஒரு கண் என்றால் மை ஐ, இரண்டும் என்றால் மை ஐஸ். டாக்டரிடம் போகும்போது இந்தச் சின்ன ஒலி முக்கியம். இரண்டு கண்ணும் எரிகிறது என்றால் தூசியோ அலர்ஜியோ என்று யோசிப்பார், ஒரு கண் மட்டும் என்றால் உள்ளே ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

‘ஐ வாஷ்ட் ஃபேஸ்’னு எழுதினதுக்கு ஸ்கூல்ல சிவப்பு மை போட்டாங்க. ஏன்?

‘என்னுடைய’ என்பதற்கான ‘மை’ என்ற சொல் விட்டுப்போனதால். ஐ வாஷ்ட் மை ஃபேஸ் என்பதுதான் சரி. தமிழில் ‘முகம் கழுவினேன்’ என்றால் போதும், ஊரான் முகத்தையா கழுவப் போகிறேன்? மலாயிலும் ‘சாயா பாசோ மூக்கா’ என்று விட்டுவிடலாம். நமக்குத் தெரிந்த இரண்டு மொழியும் விட்டுவிடுவதால் இந்தத் தப்பு நம் பிள்ளைகளுக்கு இயல்பாக வருகிறது. ஆங்கிலம் உடம்பின் பாகம் எதுவானாலும் யாருடையது என்று கேட்கும்: ஹீ ப்ரஷ்ட் ஹிஸ் டீத், ஷீ க்ளோஸ்ட் ஹர் ஐஸ், ஓப்பன் யுவர் மௌத்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் சொல்கிறேன். ஒருவர் இன்னொருவரின் முகத்தில் ஏதாவது செய்யும்போது ஆளை முதலில் சொல்லிவிட்டால் பாகத்துக்கு முன்னால் ‘த’ வரும். பந்து அவன் முகத்தில் பட்டது என்பதற்கு த பால் ஹிட் ஹிம் இன் த ஃபேஸ். பாட்டி குழந்தையின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார் என்பதற்கு க்ராண்ட்மா கிஸ்ட் த பேபி ஆன் த சீக். முகத்துக்கு ‘இன்’, கன்னத்துக்கு ‘ஆன்’. ஏன் என்று கேட்காமல் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியவை இவை.

‘மை ஐ இஸ் பெயினிங்’னு சொல்லலாம்ல? எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க.

நம் ஊரில் சொன்னால் புரியும். வெளியூரில், நேர்காணலில், தேர்வில் அப்படிச் சொல்லாதீர்கள். மை ஐ ஹர்ட்ஸ் என்பது எளிமையானது, எந்தப் பாகத்தை வைத்தாலும் சரியாக வரும். ‘ஏக்’ சேர்ந்த சொற்கள் தலையிலும் முகத்திலும் மூன்றுதான் அன்றாடம் வரும்: ஹெடேக், டூத்தேக், இயரேக். கன்னத்துக்கும் மூக்குக்கும் தாடைக்கும் ‘ஏக்’ ஒட்டாது. ‘ஐ ஹேவ் எ பெயின் இன் மை ஜா’ என்று சொல்ல வேண்டும்.

மற்ற தொல்லைகளுக்கு இப்படி: மூக்கு ஒழுகுகிறது என்பதற்கு ரன்னி நோஸ், அடைத்திருக்கிறது என்பதற்கு ப்ளாக்ட் நோஸ், ரத்தம் வந்தால் நோஸ்ப்ளீட். கன்னம் வீங்கியிருந்தால் மை சீக் இஸ் ஸ்வாலன். மரத்துப்போனால் மை லிப் இஸ் நம். கண் துடிக்கிறது என்பதற்கு மை ஐலிட் இஸ் ட்விச்சிங். துடிப்பது கண் இல்லை, இமை. கண் சிவந்து பீளை தள்ளும் நோயை இங்கே எல்லாரும் சோர் ஐஸ் என்கிறார்கள்.

அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிவிட்டு உட்கார்ந்தால் மலாயிலேயே எல்லாம் முடிந்துவிடும், அதற்காக ஆங்கிலம் படிக்கச் சொல்லவில்லை. ஈப்போவில் தனியார் ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகும்போதும், சிங்கப்பூரில் வேலை பார்க்கும்போதும் இந்த வாக்கியங்கள் கைகொடுக்கும்.

டாக்டர் ‘லெஃப்ட் சீக்’னு சொன்னா அவர் பார்க்கிற பக்கம் லெஃப்டா, என் லெஃப்டா?

உங்கள் லெஃப்ட். முகம் யாருடையதோ அவருடைய இடது, வலதுதான் கணக்கு. கண்ணாடியில் பார்த்துப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது புரியும், எதிரில் நிற்பவரைப் பார்த்துப் படிக்கிறவர்கள்தான் மாற்றிச் சொல்கிறார்கள்.

டெம்பிள்னா கோயில்தானே? தலையில எப்படி வந்துச்சு?

எழுத்தும் ஒலியும் ஒன்று, சொல் இரண்டு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், தொட்டால் நாடி துடிக்கிற இடம்தான் நெற்றிப்பொட்டு. அதற்கும் ஆங்கிலத்தில் டெம்பிள். ஒற்றைத் தலைவலி வந்தால் நாம் மருந்தெண்ணெய் தடவுகிற இடம். இரண்டு சொல்லும் லத்தீனிலிருந்து வந்தாலும் பொருளில் தொடர்பு கிடையாது. ‘பெயின் இன் மை டெம்பிள்ஸ்’ என்றால் கோயிலில் பிரச்சினை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதே மாதிரி பிள்ளைகளை மடக்குகிற இன்னும் இரண்டு உண்டு. ‘கம்’ என்றால் ஒட்டுகிற பசை என்று தெரியும், பல்லைப் பிடித்திருக்கும் ஈறும் கம்தான், பெரும்பாலும் கம்ஸ் என்று பன்மையில் வரும். ‘ப்யூப்பில்’ என்றால் மாணவர் என்று தெரியும், கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டமும் ப்யூப்பில்தான். அந்தச் சொல்லுக்கு லத்தீனில் சின்னப் பொம்மை என்று பொருள். எதிரில் இருப்பவரின் கண்ணுக்குள் நம் உருவம் பொம்மை போலத் தெரிவதால் அந்தப் பெயர். நாமும் அதைக் கண்பாவை என்கிறோம், பாவை என்றாலும் பொம்மைதான். இதைச் சொன்ன அன்றே வகுப்பில் எல்லாரும் பக்கத்தில் இருப்பவர் கண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், அதற்கப்புறம் அந்தச் சொல்லை யாரும் மறப்பதில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில வேலைக்குச் சேர்ந்திருக்கேன் டீச்சர். அங்க வேற மாதிரி பேசறாங்க.

அங்கே முகத்தின் சொற்களையே கண்ணாடிக்கும் வைத்திருக்கிறார்கள். மூக்குத் தண்டுக்கு ப்ரிட்ஜ் ஆஃப் த நோஸ் என்று பெயர். இரண்டு கண்ணாடி வில்லைகளையும் இணைத்து அதன்மேல் உட்காரும் பகுதிக்கும் ப்ரிட்ஜ். காதுக்குப் போகிற நீளமான கைகளுக்கு டெம்பிள்ஸ், மேலே சொன்ன நெற்றிப்பொட்டை ஒட்டிப் போவதால். மூக்கின் இரு பக்கமும் அழுத்துகிற சின்னப் பட்டைகள் நோஸ் பேட்ஸ். ‘பிடி’ என்று சொல்வார்கள், அது ஒரு கண்பாவையிலிருந்து மற்றொன்றுக்கு உள்ள தூரம், மில்லிமீட்டரில் அளப்பது.

வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை முழு வாக்கியமாகப் பழகுங்கள். ‘டஸ் இட் ப்ரெஸ் ஆன் யுவர் நோஸ்?’ ‘இஸ் இட் டூ டைட் பிஹைண்ட் யுவர் இயர்ஸ்?’ இந்த இரண்டும் தெரிந்தால் முதல் வாரத்தைத் தைரியமாக ஓட்டிவிடலாம்.

மூக்குத்தி, பொட்டு, அலகு குத்துறது இதையெல்லாம் இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?

ஒற்றைக்கல் மூக்குத்தி நோஸ் ஸ்டட், வளையம் என்றால் நோஸ் ரிங். தோடு இயர் ஸ்டட், பொதுவாக இயரிங். காது குத்துவதற்கு இயர் பியர்சிங். பொட்டை நம் நாட்டு ஆங்கிலத்தில் பொட்டு என்றே சொல்லலாம், வெளிநாட்டவருக்குப் புரியாவிட்டால் ‘த டாட் பிட்வீன் மை ஐப்ரோஸ்’ என்று விளக்குங்கள். திருநீறு ஹோலி ஏஷ். குழந்தையின் கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டுக்கு ஒற்றைச் சொல் தேடாதீர்கள். ‘எ ப்ளாக் டாட் ஆன் த சீக் டு கீப் த ஈவில் ஐ அவே’ என்றால் கேட்பவர் உடனே புரிந்துகொள்வார்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கோ பத்துமலைக்கோ போனால் வெளிநாட்டுக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. நம் நேர்த்தியை நாமே விளக்காவிட்டால் வேறு யாரோ விளக்குவார்கள், அவர்கள் அதைச் சித்திரவதை என்று எழுதினாலும் எழுதுவார்கள். ‘எ ஸ்மால் வேல் இஸ் பியர்ஸ்ட் த்ரூ ஹிஸ் டங்.’ ‘த ஸ்க்யூயர் கோஸ் த்ரூ போத் சீக்ஸ்.’ ‘ஹி இஸ் கீப்பிங் எ வாவ்.’ ஸ்க்யூயர் என்றால் அலகு. கடைசி வாக்கியம் முக்கியம், வாவ் என்றால் நேர்த்திக்கடன். அதைச் சொன்னால்தான் முதல் இரண்டுக்கும் பொருள் வரும்.

மீசைக்கு மூஸ்டாஷ், தாடிக்கு பியர்ட். ‘பேர்ட்’னு சொன்னா சிரிக்கறாங்க.

‘பேர்ட்’ பறவை. ‘பியர்ட்’ என்று இ ஒலியைக் காட்டிச் சொல்லுங்கள். மூஸ்டாஷ் என்பதில் அழுத்தம் இரண்டாவது அசையில் வரும். கிருதாவுக்கு சைட்பர்ன்ஸ். மலாயில் மீசையை ‘மிசாய்’ என்பது நம்மிடமிருந்து போன சொல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மகிழ்ந்துபோவார்கள்.

பியூட்டி பார்லர்ல கஸ்டமர் முகத்தைப் பத்தி எப்படிப் பேசறது? மச்சம், மரு, பரு எல்லாம் ஒண்ணா வருது.

மச்சம் மோல், மரு வார்ட், பரு பிம்பிள், தழும்பு ஸ்கார், கன்னக்குழி டிம்பிள். பிம்பிளும் டிம்பிளும் ஒரே எழுத்தில் மாறும். கன்னக்குழி அழகாக இருக்கிறது என்று சொல்ல நினைத்துப் பருவைப் பாராட்டிவிடக் கூடாது. கண்ணுக்கடியில் கருவளையம் என்றால் டார்க் சர்க்கிள்ஸ். புருவம் திருத்துவதற்கு ஐப்ரோ த்ரெட்டிங், உதட்டின் மேல் முடி எடுப்பதற்கு அப்பர் லிப் என்று மட்டும் சொன்னாலே போதும்.

வாடிக்கையாளரிடம் ‘யூ ஹேவ் பிம்பிள்ஸ்’ என்று நேராகச் சொல்லாதீர்கள். அவருக்கே அது தெரியும். ‘இஸ் யுவர் ஸ்கின் சென்சிட்டிவ் ஹியர்?’ என்று இடத்தைக் காட்டிக் கேளுங்கள். பெற்றோருக்கும் இதையே சொல்கிறேன்: முகச் சொற்களோடு ஃப்ளாட் நோஸ், டார்க் ஃபேஸ் என்று சேர்த்துப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள். வட்ட முகம் ரவுண்ட் ஃபேஸ், நீள்வட்டம் ஓவல் ஃபேஸ், பெரிய கண் பிக் ஐஸ், அடர்ந்த புருவம் திக் ஐப்ரோஸ். ஒருவரை அடையாளம் சொல்ல இவை போதும். நிறத்தை வைத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் குத்துவதை நான் வகுப்பில் ஒருபோதும் விடுவதில்லை.

கண் அடிக்கிறதும் கண் சிமிட்டுறதும் ஒண்ணா?

ஒன்றில்லை. இரண்டு கண்ணும் தானாக மூடித் திறந்தால் ப்ளிங்க், வேண்டுமென்றே ஒரு கண்ணை மூடினால் விங்க். வெயிலில் கண்ணைச் சுருக்குவது ஸ்க்விண்ட், நெற்றியைச் சுருக்குவது ஃப்ரௌன், கொட்டாவி யான். மூக்கைச் சிந்து என்பதற்கு ப்ளோ யுவர் நோஸ். பெயர்ச்சொல்லோடு ஒரு வினையைச் சேர்த்துப் படித்தால் இரண்டும் நிற்கும்.

எஸ்பிஎம் பேச்சுத் தேர்வுல முகத்தை வச்சு ஒரு இடியம் போட்டா மார்க் கூடுமா?

பொருந்தினால் நன்றாக இருக்கும், திணித்தால் தெரிந்துவிடும். பழக எளிதானவை சில: எ லாங் ஃபேஸ் என்றால் வாடிய முகம், சீக்கி என்றால் வாய்த்துடுக்கு, நோசி என்றால் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர், ஐ அம் ஆல் இயர்ஸ் என்றால் முழுக் கவனத்தோடு கேட்கிறேன். லூஸ் ஃபேஸ் என்றால் மானம் போவது. இது சீன மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன தொடர். மலாயில் ‘ஜாத்தோ ஆயர் மூக்கா’ என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள்.

தமிழ் வழக்கை அப்படியே ஆங்கிலமாக்காதீர்கள். மூக்கை நுழைப்பது இரண்டு மொழியிலும் ஒன்றுபோல அமைந்தது தற்செயல். ‘முகம் கொடுத்துப் பேசவில்லை’ என்பதை ‘டிட் நாட் கிவ் ஃபேஸ்’ என்று சொன்னால் தேர்வாளருக்கு ஒன்றும் புரியாது, ‘ஹி இக்னோர்ட் மீ’ என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். ‘கண் வைத்துவிட்டார்கள்’ என்பதற்கு மேலே திருஷ்டிப் பொட்டில் வந்த ‘ஈவில் ஐ’ உதவும்.

மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கே, அதுக்குப் பேர் இருக்கா?

இருக்கிறது, ஃபில்ட்ரம். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்களிலேயே பலருக்கு அது தெரியாது, அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். தெரியாத இடத்தைத் தெரிந்த சொற்களால் சுற்றிக் காட்டப் பழகுங்கள்: ‘த க்ரூவ் அண்டர் மை நோஸ்.’ கண்ணின் உள்மூலைக்கு ‘த இன்னர் கார்னர் ஆஃப் மை ஐ’. காலையில் அங்கே கட்டியிருக்கும் பீளைக்கு ஸ்லீப் என்றே சொல்வார்கள், ‘ஐ ஹேவ் ஸ்லீப் இன் மை ஐஸ்’.

இதற்குச் சில சின்னச் சொற்கள் கையில் இருக்க வேண்டும்: அபவ், பிலோ, பிட்வீன், பிஹைண்ட், இன்சைட், நெக்ஸ்ட் டு. உள்ளுக்குள் இருப்பதற்கு இன், மேலே ஒட்டியிருப்பதற்கு ஆன். தூசி ‘இன் மை ஐ’, பரு ‘ஆன் மை சின்’, புண் ‘இன்சைட் மை லிப்’. முதல் பதிலில் சொன்ன பன்னிரண்டு சொற்களோடு இவற்றைச் சேர்த்தால் முகத்தில் எந்த இடத்தையும் விரலால் தொடாமலே, போனில் பேசும்போது கூடச் சொல்லிவிடலாம்.